துவைத்த துணியோடு கிள்ளான் கார் கூட்டத்துக்கு

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் பழைய கார்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற கூட்டத்துக்கு ஈப்போவிலிருந்து ரயிலில் போய் வந்தேன். கார் கூட்டத்துக்கு ரயிலில் போன ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன். என்னிடம் பழைய மைனர் கார் ஒன்று இருக்கிறது. ஆனால் ஹெட் கேஸ்கட் போய் இரண்டு மாதமாகப் பட்டறையில் படுத்திருக்கிறது. போமென் (எங்கள் ஊரில் கார் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர்) போன் போட்டால் போதும், "அடுத்த வாரம் பாஸ்" என்கிறார். அவருடைய காலண்டரில் அடுத்த வாரம் எப்போது வருமோ தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் நான் கார் பார்க்கப் போவதில்லை, துணி வாங்கப் போகிறேன். பட்டறையில் கை துடைப்பார்களே, சிவப்பிலும் நீலத்திலும் ஆரஞ்சிலும் சதுரமாக வரும் முரட்டுப் பருத்தித் துணி, அதுதான். பதினாலு அங்குலத்துக்குப் பதினாலு, நாலு ஓரமும் ஓவர்லாக் அடித்திருக்கும். இங்கே எல்லோருக்கும் அது ‘கைன் லாப்’. கார் கூட்டம் நடத்துகிறவர்கள் அதில் ஒரு காரின் படத்தையும் வருடத்தையும் அச்சடித்து நினைவுப் பொருளாகக் கொடுப்பார்கள். டி-சட்டையை உடம்பு பெருத்தால் போடமுடியாது, சாவிக்கொத்து தொலைந்துவிடும், துணி அப்படியே இருக்கும். என்னிடம் அறுபத்து மூன்று இருக்கின்றன. என் மனைவி கலா எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் நான் டோபி கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஊரார் துணியைத் துவைத்துத்தான் சாப்பிடுகிறேன். எண்ணெய்க் கறையை எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வேறு கடையில் "இது போகாதுங்க" என்று திருப்பிக் கொடுத்ததை என்னிடம் கொண்டு வருவார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த அவமானத்துக்கெல்லாம் அந்தத் திமிர்தான் காரணம்.

கிள்ளான் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் நான் பார்த்ததில்லை. கார் கொண்டு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் காலையில் ஒரு துணி கொடுப்பார்கள். பதினொன்றரை மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போனட்டைத் திறப்பார்கள். டிப்ஸ்டிக்கை, அதாவது இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் குச்சியை, உருவி அந்தத் துணியின் மூலையில் கட்டைவிரலை அழுத்தித் துடைப்பார்கள், எண்ணெயோடு விரல் ரேகையும் பதிந்துவிடும். பக்கத்தில் மார்க்கரால் கார் நம்பரை எழுதுவார்கள். பிறகு யாராவது ஒருவரோடு துணியை மாற்றிக்கொள்வார்கள். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தால் காரை நன்றாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம், கறுத்திருந்தால் கிண்டல்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கை மாற்றிக்கொள்வது மாதிரி.

போன வருடம்தான் நான் அங்கே முதல்முறை போனேன். மைனரை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்து இடத்தில் சந்தனக் கலர் 120Y மாடல் கார் நின்றது. அதன் சொந்தக்காரர் முருகையா அண்ணன், கிள்ளான்காரர், அறுபதைத் தாண்டியவர். என் எண்ணெயைப் பார்த்து "தம்பி, இது எண்ணெயா, கோப்பி ஓ-வா?" (பால் விடாத கடுங்கோப்பி) என்று கேட்டவர் அவர்தான். அவருடைய எண்ணெய் பளிச்சென்று தேன் மாதிரி இருந்தது. அழகான கட்டைவிரல் ரேகை, பக்கத்தில் கார் நம்பர். துணியை மாற்றிக்கொண்டோம். நான் ஊருக்கு வந்து அந்த வாரமே அதைத் துவைத்துவிட்டேன்.

திட்டாதீர்கள், ஏற்கெனவே திட்டு வாங்கியாகிவிட்டது. சேகரிப்பவனுக்குச் சுத்தமான அச்சுதான் மதிப்பு என்பது அன்றைக்கு என் கட்சி. எண்ணெய் நாளாக நாளாகத் துணியை மஞ்சளாக்கும், நாற்றம் அடிக்கும், மற்ற துணிக்கும் பரவும். எனவே மார்க்கர் மைக்கு ஸ்பிரிட், எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும். அச்சுக்கு ஒரு கீறல் இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், கறையின் நிழல்கூட இல்லை. கலாவைக் கூப்பிட்டுக் காட்டி மீசையை முறுக்கினேன்.

இந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு வாட்சாப் வந்தது. முருகையா அண்ணனின் மனைவி சாந்தி அக்கா, கூட்டத்தின் குழுவிலிருந்து என் நம்பரை எடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் தீபாவளி முடிந்த பத்தாம் நாள் தவறிவிட்டாராம். "போன வருஷம் அவர்கிட்ட மாத்துன துணி உங்ககிட்ட இருக்கா தம்பி? வீட்ல இருக்கற துணியெல்லாம் மத்தவங்க துடைச்சது. அவர் துடைச்சதெல்லாம் ஊர் ஊரா போயிடுச்சு. உங்க ஒருத்தர் நம்பர்தான் கிடைச்சுது. அதுக்குப் பதிலா இங்க இருக்கறதுல எத வேணும்னாலும் எடுத்துக்குங்க."

நான் "இருக்கு அக்கா, ஷோவுக்குக் கொண்டு வர்றேன்" என்று பதில் போட்டேன். துணி இருந்தது என்பது உண்மைதான். கலாவிடம், "போன்லயே சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "அந்த மனுஷன் விரல தொவைச்சிட்டேன்னு வாட்சாப்ல அனுப்புவீங்களா? நேர்ல போய் நின்னு சொல்லுங்க" என்றாள். மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

இனி பயண விவரம். சனிக்கிழமை மதியம் 12.15 மணிக்கு ஈப்போவில் ஈ.டி.எஸ். ரயில். டிக்கெட் 46 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், ஏர்கோன் மீன் கடை ஐஸ் பெட்டிதான். துணிகளை மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள், மடித்தால் அச்சு வெடிக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் துணி வியர்க்கும், பழைய நாளிதழ்தான் நல்லது. இதெல்லாம் எனக்குத் தெரிகிறது பாருங்கள், தெரிய வேண்டியது மட்டும் தெரியவில்லை.

கேஎல் சென்ட்ரலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பத்து நிமிட நடை. பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் பதினைந்து, நடைபாதை ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் காணாமல் போகும். பட்ஜெட் ஹோட்டல் ஓர் இரவுக்கு 98 வெள்ளி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர், அதனால் திறக்கவில்லை. மூன்றரை மணிக்கு வாழையிலைச் சாப்பாடு, ஒரு வறுத்த மீனோடு 19.50. ரசம் நன்றாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாப்பிட்டு நடந்தபோது பின் சந்தில் ஒரு பட்டறை கண்ணில் பட்டது. அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. ஒரு சொட்டுப் பழைய எண்ணெய் கிடைத்தால் மூலையில் துடைத்து, நம்பரையும் எழுதிவிடலாம். கார் நம்பர் என்னிடம் போட்டோவில் இருக்கிறது. சாந்தி அக்காவுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஹோட்டலுக்குத் திரும்பி நடந்து, துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு போமென் வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பழைய இன்ஜின் எண்ணெய் வேணும். ஒரு சொட்டு போதும்."

"எதுக்கு?"

"இந்தத் துணில துடைக்கணும்."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பளிச்சுனு இருக்கற துணிய அழுக்காக்கறதுக்கா வந்தீங்க? எந்தக் காரு?"

"120Y."

"இங்க நிக்கறதெல்லாம் டீசல் வேன் லா. டீசல் எண்ணெய் கரி மாதிரி இருக்கும். தெரிஞ்சவங்க ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரை ஏமாத்தணும் பாஸ்?"

அப்படி நேராகக் கேட்டால் என்ன சொல்வது? முழுக் கதையையும் சொன்னேன். அவர் "போய் டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேனுக்கு அடியில் போய்விட்டார். நான் திருந்தியது மனசாட்சியாலா, டீசலாலா என்று கேட்டால் பாதிப் பாதி என்றுதான் சொல்வேன். டீ 2.30. அதைக் குடித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை 7.05 கொமியூட்டர் ரயில். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு 4.70 வெள்ளி, ஒரு மணி ஏழு நிமிடம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் மேடையில் உட்கார வேண்டியிருக்கும், எனவே ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள். பெட்டியில் எனக்கு எதிரே போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட்டுக்குப் போகிற நாலு பேர் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். கிள்ளானில் இறங்கினால் லிட்டில் இந்தியா ஐந்தே நிமிடம். இரண்டு தோசை, ஒரு கோப்பி, 7.20.

கூட்டம் நடக்கும் பள்ளி மைதானம் அங்கிருந்து ஐந்தரை கிலோமீட்டர். போனில் கார் கூப்பிட்டேன், 10 வெள்ளி, பதினாலு நிமிடம். ஓட்டுநர் தமிழர்தான், என் வயது இருக்கும்.

"கார் ஷோவுக்கு எங்க கார்ல வர்றீங்களே அண்ணே, உங்க கார் என்னாச்சு?"

"பட்டறைல."

"அப்ப எங்க வண்டியக் காட்டிப் பரிசு வாங்கிடுங்க" என்றார். அவருடையது போன வருடம் வாங்கிய வெள்ளைக் கார், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மடியில் நாளிதழ்ச் சுருள் இருந்தது.

நுழைவு 5 வெள்ளி. வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது, தொப்பி கட்டாயம். நூறு கார்களுக்கு மேல் இருக்கும். துணி விற்கிறவர்கள் வலது ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். இந்த வருடத் துணி வெளிர்நீலம், 12 வெள்ளி, ஆளுக்கு இரண்டுதான். ரவாங்கிலிருந்து வந்த ஒரு பட்டறைக்காரர் பழையவற்றைப் பரப்பியிருந்தார். போர்ட் கிள்ளான் லோரிக்காரர்கள் கூடியபோது அடித்த ஆரஞ்சுத் துணி, லோரித் தலை முழுத் துணிக்கும் நிற்கிறது, 15 வெள்ளி. டெங்கில் பக்கம் தோட்டத்து டிராக்டர்களை வைத்து நடத்திய கூட்டத்தின் பச்சைத் துணி, அதுவும் 15. ஒரு வருடம் படம் வரைந்தவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் போட்டுவிட்டாராம், அந்தப் பிழைத் துணி 40. பேரம் பேசி 35-க்கு வாங்கினேன். வாங்குகிறவர்கள் ஓரத்தைக் கசக்கிப் பாருங்கள். கஞ்சி மொடமொடப்பு இருந்தால் துவைக்காதது. சிவப்பு என்றால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், மட்டமான சாயம் உடனே ஒட்டும்.

பத்தே கால் வரைக்கும் இப்படித் துணி பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றே நின்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன். கிள்ளானிலிருந்து திரும்பும் 12.50 ரயில் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நாளிதழ்ச் சுருளைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் பிரிங்கக்கா, வெயில் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். டோபிக்காரன் சொன்னால் நம்புவார்.

120Y போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றது. ஓட்டி வரவில்லை. மாதக்கணக்கில் ஸ்டார்ட் பண்ணாததால் இழுவை லோரியில் ஏற்றி வந்திருந்தார்கள், அண்ணனின் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று கூட்டத்து நண்பர்கள் செய்த ஏற்பாடு. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் சாந்தி அக்கா உட்கார்ந்திருந்தார். பஞ்சாபி உடை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு சின்ன விசிறி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஈப்போ தம்பிதானே? சாப்டீங்களா? வெயில்ல நிக்காதீங்க, இங்க வாங்க." மூன்றே வாக்கியத்தில் என் தப்பி ஓடும் திட்டம் அம்பேல் ஆனது. சுருளைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் அங்கேயே நாளிதழைப் பிரித்தார். துணியை இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நாலு மூலையையும் தடவினார்.

"இது வேற துணி தம்பி."

"இதுதான்க்கா."

"அவர் துடைச்சது எங்க?"

"தொவைச்சிட்டேன்."

"எப்ப?"

"போன வருஷம். ஷோ முடிஞ்ச அதே வாரம்."

"அப்ப நான் கேட்டப்ப…"

"அப்பவே இல்லக்கா. துணி இருக்குன்னுதான் சொன்னேன்."

"நல்லா பேசறீங்க" என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. "யாரு உங்கள தொவைக்கச் சொன்னா? எண்ணெய் பட்டிருக்குன்னுதானே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மாத்திக்கறோம். சோத்த வாங்கிட்டுப் போயி கழுவி வெறுந் தட்டக் கொண்டாந்து குடுக்கற மாதிரி குடுக்கறீங்க. அவர் விரல் ரேகை இருந்த ஐசி அடையாளக் கார்ட சாவு பதிஞ்ச அன்னிக்கே வாங்கிக்கிட்டாங்க. கையெழுத்து வீட்டுல நூறு இருக்கு. விரலு இதுல மட்டும்தான் இருந்துச்சு." நான் தலையைக் குனிந்து நின்றேன். மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அறுபத்து மூன்று துணியையும் கொடுத்து அந்த ஒரு கறையை வாங்க முடியும் என்றால் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பேன்.

"ஒளிச்சிட்டு ஓடாம வந்து சொன்னீங்க, அது வரைக்கும் சரி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். துணியை மடியில் விரித்து அதன் மூலைகளை நீவிக்கொண்டிருந்தார். போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் காரின் நிழலில் குந்தினேன். பிறகு அவராகத்தான் பேசினார். அண்ணனின் காரைப் பார்க்கும் போமென் ஆறு மாதமாகக் காரை எடுத்துப்போய் எண்ணெயை வடித்து, பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவருக்குக் காரை ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது, வேலைக்கு பஸ்ஸில் போய் அலைகிறார். இருந்தும் மனசு வரவில்லையாம். "உங்க மெசேஜ் பார்த்த பொறகுதான், துணி வருதே, இனி எண்ணெய் போனா போகட்டும்னு சரின்னேன். ரெண்டு மணிக்கு லோரி வருது. இன்னிக்கே வடிச்சிடுவாரு."

எனக்கு உடனே விளங்கவில்லை. கேட்டேன்: "அக்கா, கடைசியா எண்ணெய் எப்ப மாத்துனது?"

"போன வருஷம் ஷோவுக்கு நாலு நாள் முன்னாடி. வீட்டு வாசல்ல. ஊத்துனது அவர், புனல் புடிச்சது நான். அதுக்கப்புறம் அவருக்கு முடியாம போச்சு, கார யாரு தொட்டா…" அங்கேயே நிறுத்திவிட்டார். போனட்டைப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு மைக்கில் சொன்னார்கள், வரிசையாக போனட்டுகள் திறந்தன. சாந்தி அக்கா எழுந்து 120Y-யின் போனட்டைத் திறந்து கம்பியை முட்டுக் கொடுத்தார், எந்தத் தடுமாற்றமும் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவினார். நான் போன வருடத் துணியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். தேன் நிறம் போய்க் கடுந்தேநீர் நிறம் ஆகியிருந்தது, ஆனால் அதே எண்ணெய். கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். அழகாகப் பதிந்தது.

"விரல் என்னோடது," என்றார். "எண்ணெய் அவரோடது." பக்கத்துக் கார்க்காரரிடம் மார்க்கர் வாங்கி நம்பரை எழுதினார். அப்போதுதான் அழுதார், கொஞ்சம்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, எண்ணெய் பரவாம இருக்க லேசா சாக்பீஸ் தூள் போட்டு வச்சா…" என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, நீங்க ஒன்னும் பண்ண வேணாம்" என்றார். பக்கத்துக் கார்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வழக்கப்படி துணியை மாற்ற வேண்டும். அவர் அதை மாற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இந்த வருடத்து வெளிர்நீலத் துணியை வேறொருவரோடு மாற்றிக்கொண்டார். எனக்கு வீட்டிலிருந்து ஒரு துணி தருவதாகச் சொன்னாரே என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

12.50 ரயிலை விட்டுவிட்டேன். நீங்கள் போவதாக இருந்தால் திரும்பும் ஈ.டி.எஸ்.-ஐ மாலை ஆறுக்குப் பிறகு போடுங்கள், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரவே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மதியச் சாப்பாடு மைதானத்திலேயே கிடைக்கும், நாசி லெமாக் 6 வெள்ளி, தண்ணீர் பாட்டில் 2. எனக்கு மொத்தச் செலவு துணி தவிர்த்து 261 வெள்ளி சொச்சம். முன்பதிவு செய்யும்போது ஞாயிறு இரவே திரும்புகிற மாதிரி போடுங்கள், திங்கட்கிழமைக் காலை ரயில்களில் இடம் கிடைப்பதில்லை. கார் இல்லாமல் போகிறவர்களும் துணி வாங்கலாம், மாற்ற மட்டும் முடியாது. கையில் கிடைப்பதைத் துவைக்காதீர்கள். துவைத்துவிட்டீர்கள் என்றால், அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், நாள் பார்க்காதீர்கள். சுருளைக் கொடுத்துவிட்டு நான் ரயில் ஏறியிருந்தால் அக்கா அதைச் சாயங்காலம் வீட்டில் பிரித்திருப்பார். அதற்குள் அந்த எண்ணெய் போமென் பட்டறை பீப்பாயில், ஊரில் உள்ள எல்லாக் கார் எண்ணெயோடும் கலந்து போயிருக்கும்.

இரண்டு மணிக்கு லோரி வந்தது. காரைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்ற நானும் கை கொடுத்தேன். போமென் சங்கிலியை மாட்டிவிட்டு வந்து, முன்பே பலமுறை ‘பொறவு பார்க்கலாம்’ என்று கேட்டுப் பழகிப்போன ஆள் என்பதால், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப இன்னிக்கு வடிச்சிடவாக்கா? நெஜமாத்தானே?"

"வடிச்சிடு," என்றார் சாந்தி அக்கா, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே. "புதுசு ஊத்தறப்ப மட்டும் எனக்கு போன் பண்ணு. புனல நான்தான் புடிக்கணும்."